பொருளியல் அதிகம் எட்டிப் பார்க்காத நாட்டைப் பற்றி ஆய்வு எழுதுவது எப்படி

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. வளர்ச்சிப் பொருளியல் என் துறை. மத்திய ஆப்பிரிக்காவிலுள்ள "சாட் பற்றி எழுதலாமா?" என்றோ பசிபிக் தீவு நாடான "கிரிபட்டி பற்றி ஏதாவது செய்ய முடியுமா?" என்றோ யாராவது ஒருவர் கேட்டபடியே இருக்கிறார். என்னிடம் வருவதற்குள் அவருக்கு வேறெங்கோ ஒரு பதில் கிடைத்திருக்கும்: "அங்கே டேட்டா கிடைக்காது, பேசாமல் கென்யாவை எடுத்துக்கொள்." கென்யாவைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இதே அறிவுரை சொல்லப்பட்டு வந்ததால்தான் சாட் பற்றிப் பொருளியலுக்கு இவ்வளவு குறைவாகத் தெரிகிறது. அந்த அறிவுரையைக் கேட்ட பிறகும் மனம் மாறாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

உங்கள் நாடு எவ்வளவு குறைவாக ஆராயப்பட்டிருக்கிறது என்பதை ஊகத்தில் விடக்கூடாது. 2013-ல் ஜிஷ்ணு தாஸ், குவி-டோன் டோ உள்ளிட்ட நால்வர், 1985 முதல் 2005 வரை வெளியான 76,046 பொருளியல் ஆய்வுக் கட்டுரைகளை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பொருளியலின் 'முதல் ஐந்து இதழ்கள்' எனப்படுபவை சேர்ந்து அமெரிக்காவைப் பற்றி 2,383 கட்டுரைகள் வெளியிட்டிருந்தன. இந்தியாவைப் பற்றி 39. சீனாவைப் பற்றி 65. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்து 34. ஒரு நாடு பணக்கார நாடாக ஆக ஆக, அதைப் பற்றிய கட்டுரைகளும் கூடுகின்றன என்பது அவர்களின் முதல் முடிவு. அமெரிக்காவைப் பற்றிய கட்டுரை முதல் ஐந்து இதழ்களில் வர வாய்ப்பு அதிகம், ஆசிரியர் எந்தப் பல்கலைக்கழகத்தவர் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் என்பது இரண்டாவது.

ஆப்பிரிக்காவுக்குள்ளும் இதே சாய்வு உண்டு. ஓபி போர்ட்டியஸ் 2000 முதல் 2019 வரை ஆப்பிரிக்காவைப் பற்றி வந்த சுமார் 27,000 கட்டுரைகளைத் திரட்டினார். கென்யா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா, கானா, மலாவி ஆகிய ஐந்து நாடுகளில் கண்டத்தின் மக்கள்தொகையில் 16 விழுக்காட்டினர்தான் வாழ்கிறார்கள். கட்டுரைகளில் 45 விழுக்காடு அவற்றைப் பற்றியவை. முதல் ஐந்து இதழ்களில் வந்தவற்றில் 65 விழுக்காடு. நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டில் 91 விழுக்காட்டை நான்கே காரணங்கள் விளக்கிவிடுகின்றன: அமைதி, சுற்றுலாப் பயணிகளின் வருகை, ஆங்கிலம் ஆட்சிமொழியா என்பது, மக்கள்தொகை.

என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இந்த நான்கிலிருந்து பிறப்பதுதான். உங்கள் நாடு எந்தக் காரணத்தால் விடுபட்டது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். போரா? பிரெஞ்சு அல்லது போர்த்துகீசிய மொழியா? வெறுமனே சிறிய நாடு என்பதா? ஆராயப்பட்ட நாடுகள் பெரும்பாலும் அமைதியானவை, ஆங்கிலம் புழங்குபவை என்றால், "ஆப்பிரிக்காவில் சிறுகடன் இப்படி வேலை செய்கிறது" என்று பாடநூல் சொல்வது அந்த வகை நாடுகளைப் பற்றிய அறிவுதான். உங்கள் நாட்டில் அது மாறக்கூடும் என்பதற்கான காரணம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். ஆய்வேட்டின் முன்னுரைக்குத் தேவையான வாதமும் அங்கேயே கிடைத்துவிடும்.

கட்டுரை தேடும்போது ஒரு சிக்கல் வரும். பொருளியலில் ஜே.இ.எல். என்ற வகைப்பாட்டுக் குறியீடுகளை வைத்துத் தேடுவது வழக்கம். பொருளாதார வரலாற்றுக்கான குறியீடுகளில் அமெரிக்கா–கனடாவுக்கு 1913-க்கு முன், பின் என இரண்டு எண்கள். ஐரோப்பாவுக்கும் அதேபோல் இரண்டு. ஆப்பிரிக்காவும் ஓசியானியாவும் சேர்ந்து ஒரே எண்ணில் அடைபட்டிருக்கின்றன. வளர்ச்சிப் பொருளியல் பகுதியில் 'ஓ53' என்று போட்டால் ஏமனும் ஜப்பானும் ஒன்றாக வரும். ஆகவே குறியீட்டை மட்டும் நம்பாமல் நாட்டின் பெயரையே போட்டுத் தேடுங்கள், பழைய பெயரையும் சேர்த்து. புர்கினா பாசோ 1984 வரை மேல் வோல்ட்டா. பெனின் 1975 வரை டஹோமி. மலாவி 1964 வரை நியாசாலாந்து. கிரிபட்டி 1979 வரை கில்பர்ட் தீவுகள். பழைய பெயரில் தேடாதவர்களுக்கு ஒரு தலைமுறையின் உழைப்பு முழுக்கக் கண்ணில் படாமல் போகிறது.

"யாரும் எழுதவில்லை" என்று எழுதாதீர்கள்

வரைவுகளில் என்னை மிகவும் வருத்துகிற வாக்கியம் இது. பெரும்பாலும் அது உண்மையாகவே இருப்பதில்லை. நைரோபியில் 1988 முதல் இயங்கும் ஆப்பிரிக்கப் பொருளியல் ஆய்வுக் கூட்டமைப்பு, டக்காரில் 1973 முதல் இயங்கும் சமூக அறிவியல் ஆய்வு அமைப்பான கோடெஸ்ரியா, ஆப்பிரிக்க இதழ்களை ஒரே இடத்தில் தரும் ஏ.ஜே.ஓ.எல். தளம், லத்தீன் அமெரிக்க இதழ்களுக்கான சியெலோ, சாண்டியாகோவிலிருந்து 1948 முதல் செயல்படும் ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையமான செபால் ஆகிய இடங்களில் தேடிய பிறகுதான் அந்த வாக்கியத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

இதழ்களை மட்டும் பார்த்தாலும் போதாது. மேற்கு ஆப்பிரிக்காவின் 8 நாடுகளுக்குப் பொதுவான மத்திய வங்கி டக்காரில் இருக்கிறது. சாட், கேமரூன் உள்ளிட்ட மத்திய ஆப்பிரிக்க நாடுகளுக்கானது யாவுண்டேயில். இரண்டின் வெளியீடுகளும் பிரெஞ்சில் நிறையக் கிடைக்கும். பிரெஞ்சு பேசும் பல ஆப்பிரிக்க நாடுகளின் புள்ளிவிவரப் பணிகளுக்கு உதவும் ஆஃப்ரிஸ்டாட் பமாகோவில் உள்ளது. பசிபிக் தீவுகளின் குடும்ப வருமான–செலவுக் கணக்கெடுப்புகளை நூமியாவில் உள்ள பசிபிக் சமூக அமைப்பு தொகுத்து வைத்திருக்கிறது. இவற்றோடு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் உண்டு.

மொழி தெரியாது என்பார்கள். பொருளியல் கட்டுரையைப் படிக்கிற அளவுக்குப் பிரெஞ்சு கற்க இலக்கியம் படிக்கும் அளவு உழைப்புத் தேவையில்லை. அட்டவணைகளின் தலைப்பும் அடிக்குறிப்பும் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு புள்ளியியல் நுட்பத்தைப் பற்றி நான்கு மாதம் படிக்கிறவர், தன் நாட்டின் ஆட்சிமொழிக்கு இரண்டு மாதம் ஒதுக்கத் தயங்குவது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எண்ணின் பிறப்பை விசாரியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். ஒரு வரைவு என்னிடம் வந்தால் முடிவுகள் அட்டவணைக்கு முன்பே தரவுப் பின்னிணைப்பைத் திறந்துவிடுவேன். அங்கே "உலக வங்கித் தரவுத்தளம்" என்று ஒரே வரி இருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவேன். உலக வங்கி சாட்டுக்குப் போய் ஜிடிபியை (மொத்த உள்நாட்டு உற்பத்தியை) அளக்கவில்லை. அந்நாட்டின் புள்ளிவிவர அலுவலகத்தில் யாரோ ஒருவர் பழைய ஒரு கணக்கெடுப்பையும் சில ஊகங்களையும் வைத்து அதைக் கட்டியிருக்கிறார். அந்த ஊகங்கள் என்னென்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நைஜீரியாவைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றினார்கள்; மொத்த உள்நாட்டு உற்பத்தி 89 விழுக்காடு கூடியது. ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் என்ற இடத்துக்கு வந்தது. கானாவில் 2010 நவம்பரில் அடிப்படை ஆண்டு 1993-லிருந்து 2006-க்கு மாறியபோது சுமார் 60 விழுக்காடு ஏற்றம். காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. அடிப்படை ஆண்டில் எந்தத் துறை எவ்வளவு பெரியது என்ற எடைகள்தான் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் பயன்படுகின்றன. 1990-ன் நைஜீரியாவில் செல்போன் நிறுவனங்கள் இல்லை. திரைப்படத் தொழில் இன்றைய உருவில் இல்லை. ஆகவே அவை வளர்ந்தும் கணக்கில் சரியாக ஏறவில்லை. முறைசாராத் துறைக்குப் பல நாடுகளில் நேரடி அளவீடே கிடையாது. மக்கள்தொகை வளர்ந்த அளவுக்கு அதுவும் வளர்ந்தது என்று வைத்துக்கொள்வார்கள். அப்படிக் கட்டிய எண்ணை எடுத்து, மக்கள்தொகை வளர்ச்சிக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்று ரெக்ரஷன் (மாறிகளுக்கிடையிலான தொடர்பை அளக்கும் புள்ளியியல் கணக்கு) போட்டால் உங்களுக்குக் கிடைப்பது புள்ளிவிவர அலுவலரின் ஊகம் மட்டுமே.

தலா வருமானக் கணக்கில் வகுக்கும் எண்ணான மக்கள்தொகையையும் பாருங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984-ல். அந்நாட்டைப் பற்றி 'ஒரு நபருக்கு' என்று நீங்கள் காணும் எல்லா எண்களும் அந்தக் கணக்கெடுப்பிலிருந்து நீட்டிக் கொண்டுவந்த மதிப்பீட்டின் மேல் நிற்கின்றன. லெபனானில் கடைசிக் கணக்கெடுப்பு 1932.

புகழ்பெற்ற கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல. அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2001-ல் வெளியிட்ட கட்டுரை, காலனி நாடுகளில் குடியேறிய ஐரோப்பியரின் இறப்பு விகிதத்தை வைத்து நிறுவனங்களின் தரத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பை அளந்தது. 2024-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்த ஆய்வுப் பாதையின் தொடக்கங்களில் ஒன்று அது. 2012-ல் டேவிட் ஆல்பூய் அதன் மூலத்தரவைத் தோண்டிப் பார்த்தார். 64 நாடுகளில் 36-க்கு இறப்பு விகிதம் வேறு நாட்டிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டிருந்தது. ஆசிரியர்கள் விரிவாகப் பதிலளித்தார்கள். விவாதம் இன்றும் நீள்கிறது. யார் பக்கம் நியாயம் என்று முடிவுசெய்வது உங்கள் வேலையில்லை. உங்கள் நாடு அந்த 36-ல் இருக்கிறதா, அதற்கு எந்த நாட்டின் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை. இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆகவே உங்கள் ஆய்வில் வரும் ஒவ்வொரு முக்கிய மாறிக்கும் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: யார் சேகரித்தது, எந்த ஆண்டில், இடைப்பட்ட ஆண்டுகள் எப்படி நிரப்பப்பட்டன, யாராவது அல்லது ஏதாவது கணக்கில் வராமல் போனதுண்டா. கடைசிக் கேள்விதான் கடினமானது. 1940-களில் ஃபிலிஸ் டீன் என்ற இளம் பொருளியலாளர், இன்றைய சாம்பியாவும் மலாவியுமான அன்றைய வட ரொடீசியாவுக்கும் நியாசாலாந்துக்கும் தேசிய வருமானக் கணக்கு தயாரிக்கப் பணிக்கப்பட்டார். கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தவர், பெண்கள் விறகு சேகரிப்பதையும் உணவு பதப்படுத்திச் சமைப்பதையும் கணக்கிலிருந்து விடுவது தர்க்கத்துக்கு ஒவ்வாதது என்று வாதிட்டார். கூலியில்லாச் சமையல் இன்றும் ஜிடிபி எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. ஒரு நாட்டில் உழைப்பின் பெரும்பகுதி சந்தைக்கு வெளியே நடக்கிறதென்றால், அந்நாட்டின் ஜிடிபி உங்கள் கேள்விக்குப் பொருந்துகிற அளவுகோல்தானா என்று டீனைப் போலவே நீங்களும் கேட்க வேண்டும்.

கிரிபட்டியில் இது வேறு விதமாக வரும். அந்நாட்டு அரசின் வருவாயில் பெரும்பங்கு வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். அதனால் மொத்த தேசிய வருமானம் ஜிடிபியைவிட வெகுவாக அதிகம். ஜிடிபியை மட்டும் எடுத்து எழுதினால் நாட்டின் பொருளாதாரத்தில் ஒரு பெரிய பகுதியே காணாமல் போகும்.

குடும்பக் கணக்கெடுப்புகள்: கேள்வித்தாளை வரிவரியாகப் படியுங்கள்

"டேட்டா இல்லை" என்பதற்கு நல்ல பதில் இங்கே இருக்கிறது. உலக வங்கி 1980-ல் தொடங்கிய வாழ்க்கைத்தர அளவீட்டு ஆய்வு, அதன் விவசாயப் பிரிவாக எத்தியோப்பியா, மலாவி, மாலி, நைஜர், நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, புர்கினா பாசோ ஆகியவற்றில் நடந்த கணக்கெடுப்புகள், குழந்தைகள், பெண்கள் நிலை பற்றிய யுனிசெஃபின் எம்.ஐ.சி.எஸ். கணக்கெடுப்பு, 1999 முதல் நடக்கும் ஆஃப்ரோபாரோமீட்டர் என்ற மக்கள் கருத்துக் கணக்கெடுப்பு எல்லாமே ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க அரசின் நிதியில் 1984-ல் தொடங்கிய டி.எச்.எஸ். என்ற மக்கள்தொகை–சுகாதாரக் கணக்கெடுப்பு சுமார் 90 நாடுகளில் நடந்திருக்கிறது. 2025-ல் அமெரிக்க வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டபோது இந்தத் திட்டமும் நின்றது. பிறகு வேறு நிதியில் ஒரு பகுதி மீண்டது. குறைவாக ஆராயப்படும் நாடுகளின் அறிவு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. உங்களுக்கு வேண்டிய கோப்புகளை இன்றே முறைப்படி அனுமதி கேட்டு இறக்கி, பதிப்பின் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

டி.எச்.எஸ்.-ல் வருமானமோ செலவோ கேட்கப்படுவதில்லை. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு செல்வக் குறியீடு உண்டாக்குகிறார்கள். அந்தந்த நாட்டின் அந்தந்த ஆண்டுக்குள் மட்டும் ஒப்பிடத்தக்கது அது. ஊர்களின் இருப்பிடத்தையும் அப்படியே தருவதில்லை. மக்களின் அடையாளம் வெளிப்படாதிருக்க, நகர்ப்புறப் புள்ளிகளை 2 கிலோமீட்டர் வரையும் கிராமப்புறப் புள்ளிகளை 5 கிலோமீட்டர் வரையும், கிராமங்களில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரையும் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். "பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள்" என்று மாறி உருவாக்கும் மாணவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் உருவாக்க வேண்டும்.

அளவைகளில் நிறைய நேரம் செலவிடுங்கள். நைஜர் தரவில் கம்பு விளைச்சலை ஆராய்ந்த ஒரு மாணவிக்கு, ஒரே ஊரில் ஒரு நிலம் மற்றொன்றைவிட இருபது மடங்கு விளைந்ததாகக் கணக்கு வந்தது. கணினி நிரலில் பிழை தேடித் தேடி அலுத்தவர், கடைசியில் கேள்வித்தாளின் பிரெஞ்சு மூலத்தைத் திறந்தார். அறுவடையை அங்கே கட்டுக் கணக்கில் சொல்கிறார்கள். கட்டின் எடை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். எடை மாற்றுக்கான அட்டவணை தனிக் கோப்பாக இருந்தது. அதைச் சேர்த்ததும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. மலாவியில் வாளி, மாட்டுவண்டிப் பாரம் என்று இதே கதை. இதில் செலவாகும் வாரங்களை வீண் என்று நினைக்காதீர்கள். நாட்டைப் பற்றி அதிகம் கற்றுக்கொள்வது இந்த வாரங்களில்தான்.

கேள்வி கேட்கிற விதமே விடையை மாற்றும். தான்சானியாவில் ஒரு குழு எட்டு விதமான செலவுக் கேள்வித்தாள்களைக் குலுக்கல் முறையில் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஏழு நாளா, பதினான்கு நாளா, நினைவிலிருந்தா, தினமும் நாட்குறிப்பிலா என்பதைப் பொறுத்து வறுமை விகிதமே கணிசமாக மாறியது. இந்தியாவில் 1999–2000-ல் நடந்த 55-வது தேசிய மாதிரி ஆய்வில் ஏழு நாள் கேள்வியையும் முப்பது நாள் கேள்வியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த ஆண்டுக்கான வறுமை எண்ணைப் பற்றி பல ஆண்டுகள் சண்டை நடந்தது. ஒரு நாட்டின் இரண்டு கணக்கெடுப்புகளுக்கிடையே வறுமை குறைந்தது என்று எழுதும் முன் இரண்டு கேள்வித்தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

'குடும்பம்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளியல் நெடுங்காலம் குடும்பத்தை ஒரே மனம், ஒரே பணப்பை என்று வைத்துக் கணக்குப் போட்டது. கிறிஸ்டோபர் உட்ரி 1996-ல் புர்கினா பாசோவின் நிலத் தரவை எடுத்துப் பார்த்தார். அங்கே கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வயல்கள். ஒரே குடும்பம், ஒரே பயிர், ஒரே ஆண்டு; ஆனாலும் பெண்களின் வயலில் விளைச்சல் குறைவு, ஏனென்றால் உரமும் உழைப்பும் ஆண்களின் வயலுக்குப் போயின. அதைச் சரியாகப் பங்கிட்டிருந்தால் விளைச்சல் சுமார் 6 விழுக்காடு கூடியிருக்கும் என்று கணக்கிட்டார். குடும்பப் பொருளியலின் ஒரு அடிப்படை ஊகத்தை ஆட்டிவைத்த சான்று புர்கினா பாசோவிலிருந்து வந்தது என்பதை என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

வானத்திலிருந்து பார்ப்பது

இரவு ஒளிப் படங்கள் இப்போது எல்லா வரைவுகளிலும் வருகின்றன. ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வெயில் மூவரும் 2012-ல் காட்டியதுபோல, புள்ளிவிவரம் பலவீனமான நாடுகளில் இவை உண்மையிலேயே உதவும். எல்லைகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1992 முதல் 2013 வரையிலான பழைய தொடரில் ஒளியின் அளவு 0 முதல் 63 வரைதான். பெருநகர மையங்கள் உச்சத்தை எட்டி நின்றுவிடும். 2012-ல் தொடங்கிய புதிய தொடர் வேறு கருவி. நள்ளிரவைத் தாண்டி எடுப்பது. இரண்டையும் ஒட்டி ஒரே கோடாக வரைவது தவறு. அதைவிட முக்கியம், மின்சாரமே இல்லாத விவசாய நிலப்பரப்பில் நல்ல ஆண்டும் பஞ்ச ஆண்டும் ஒரே இருட்டாகத் தெரியும். சகாராவின் தென் விளிம்பிலுள்ள சகேல் வறண்ட பகுதி மேய்ப்பர்களின் வாழ்வைப் பற்றி எழுத இரவு ஒளி உதவாது. அங்கே மழையளவும் தாவரப் பசுமையும் கால்நடைச் சந்தை விலையும்தான் பேசும்.

கேள்வியை எங்கிருந்து எடுப்பது

பெரும்பாலானோர் அமெரிக்கத் தரவில் நிறுவப்பட்ட ஒரு முடிவை எடுத்து, "இது நைஜரிலும் பொருந்துமா?" என்று கேட்கிறார்கள். ஆம் என்று வந்தால் இதழ் ஆசிரியருக்கு ஆர்வம் இல்லை; இல்லை என்று வந்தால் தரவு சரியில்லை என்பார். டட்லி சியர்ஸ் 1963-லேயே இதைத் தலைகீழாகப் பார்க்கச் சொன்னார்: பொருளியல் எதைப் பொதுவிதியாக நினைக்கிறதோ அந்தத் தொழில்மயமான நாடுகள்தான் உலகில் விதிவிலக்கு.

ஒரு நல்ல உதாரணம் பசிபிக்கிலிருந்து. 1985-ல் ஜெஃப் பெர்ட்ராமும் ரே வாட்டர்ஸும் குக் தீவுகள், நியூவே, டோக்கெலாவ், கிரிபட்டி, துவாலு ஆகியவற்றைப் பார்த்து, இடப்பெயர்வு, அனுப்பும் பணம், வெளிநாட்டு உதவி, அரசு அலுவல் ஆகிய நான்கின் மேல் நிற்கும் ஒரு பொருளாதார வகை உண்டு என்று விவரித்தார்கள். ஏற்றுமதியால் வளர்வதுதான் ஒரே வழி என்று நம்பியவர்கள் இத்தீவுகளைத் தோல்வி என்று ஒதுக்கியிருந்தார்கள். கடல் கடந்து விரியும் குடும்பங்களைக் கண்டவர்களுக்கு அது ஒரு செயல்படும் அமைப்பாகத் தெரிந்தது. இன்னொரு பசிபிக் நாடான டோங்காவையும் பாருங்கள்: நியூசிலாந்து ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கை டோங்கா மக்களைக் குலுக்கல் மூலம் குடியேற அனுமதிக்கிறது. மெக்கென்சி, கிப்சன், ஸ்டில்மன் மூவரும் அதைப் பயன்படுத்தி, இடம்பெயர்ந்தவர் அடையும் பலனை வேறு நாடுகளில் செய்ய முடியாத துல்லியத்துடன் அளந்தார்கள். "இந்த நாட்டில் மட்டும்தான் கேட்க முடிகிற கேள்வி எது?" என்று யோசியுங்கள். அதற்கு விடை தெரியாவிட்டால் அந்நாட்டு வங்கி ஊழியர், வேளாண் அலுவலர், ஆசிரியர் என்று சிலரிடம் நீண்ட நேரம் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. 1991-ல் ராபர்ட் பாரோவின் வளர்ச்சி ரெக்ரஷனில் 'ஆப்பிரிக்கா' என்று ஒரு 0–1 மாறி (ஆப்பிரிக்க நாடு என்றால் 1, இல்லையென்றால் 0) இருந்தது. அதன் குணகம் எதிர்மறையாக வந்ததும், அதை விளக்குவதற்கென்றே ஒரு கட்டுரை வெள்ளம் கிளம்பியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒரு மாறியில் அடைத்தால், மாதிரி விளக்கத் தவறியதெல்லாம் கண்டத்தின் குறையாக மாறித் தெரியும். அதே பிழையை ஒரு மாகாணத்துக்கோ இனக்குழுவுக்கோ செய்துவிடாதீர்கள்.

வரலாற்றைத் தொடும்போது கூடுதல் பொறுமை வேண்டும். பெனினில் பிறந்த லெயோனார்ட் வாண்ட்செகோன், நேத்தன் நன்னுடன் சேர்ந்து 2011-ல் எழுதிய கட்டுரை, அடிமை வணிகத்தால் அதிகம் பாதிக்கப்பட்ட இனக்குழுக்களின் வழித்தோன்றல்கள் இன்று அக்கம்பக்கத்தாரைக் குறைவாக நம்புகிறார்கள் என்று காட்டியது. அந்தக் கட்டுரையின் வலிமை, வேறு விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்த விதத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் பலர் 1700-ல் ஒரு எண், 2005-ல் ஒரு எண், நடுவே ஒரு கோடு என்று நிறுத்திவிடுகிறார்கள். நடுவிலிருந்த முந்நூறு ஆண்டுகளை கரெத் ஆஸ்டின் போன்ற வரலாற்றாசிரியர்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து இடங்கள் எப்படியும் ஒன்றுபோல் இருக்கும் என்பதால், இடம்சார் தொடர்பைக் கணக்கில் எடுக்காத பிழை மதிப்பீடு முடிவு புள்ளியியல்படி உறுதியானது என்று காட்டும் நட்சத்திரக் குறிகளை உங்களுக்கு அள்ளித் தரும். அவற்றை நம்பாதீர்கள்.

களத்துக்குப் போகிறவர்களுக்கு

கென்யாவில் நகோஸ்டி, தான்சானியாவில் கோஸ்டெக், உகாண்டாவில் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில் என்று பல நாடுகளில் ஆய்வு அனுமதிக்கெனத் தனி அமைப்புகள் உண்டு. உங்கள் பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதல் இதற்கு மாற்றாகாது. இதற்கு மாதங்கள் ஆகும். திட்டத்தின் முதல் நாளே விண்ணப்பியுங்கள்.

கேள்வி கேட்கப் போகும் களப்பணியாளர்கள் அந்நாட்டவர்கள். உங்கள் தரவின் தரம் அவர்கள் கையில் இருக்கிறது. பயிற்சியின்போது கேள்விகளை அவர்களை விட்டே உள்ளூர் மொழியில் சொல்லச் சொல்லி, எந்தக் கேள்வி கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர்கள் தவிர்க்கச் சொல்வதைத் தவிருங்கள். நியாயமான கூலி கொடுங்கள், அதைத் தாமதிக்காமல் கொடுங்கள்.

ஒரே ஊரை எல்லோரும் ஆராயும் சிக்கலும் உண்டு. கென்யாவின் மேற்கு எல்லையிலுள்ள புசியா பகுதியில் 75 பள்ளிகளில் நடந்த குடற்புழு ஆய்வு 2004-ல் வெளியாகி, வளர்ச்சிப் பொருளியலின் போக்கையே மாற்றியது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019-ல் நோபல் பெற்றார். அதன் பின் அந்தப் பகுதிக்கு வந்த ஆய்வுகள் ஏராளம். பலமுறை கேள்விக்கு உட்பட்ட மக்கள் புதிதாகக் கேட்கப்படுகிறவர்களைப்போல் பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே முன்பு என்னென்ன ஆய்வு நடந்தது என்று பதிவேடுகளில் பாருங்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2013 முதல் சோதனை ஆய்வுகளுக்கான பதிவேட்டை நடத்துகிறது.

அந்நாட்டு ஆய்வாளர் ஒருவரை இணை ஆசிரியராகச் சேர்ப்பதென்றால் கேள்வி உருவாகும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். தரவு சேகரித்து முடித்த பிறகு பெயரை மட்டும் ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. என்னிடம் அப்படி வந்த வரைவுகளில் அவருடைய பகுதி எது என்று எழுதித் தரக் கேட்பேன்.

வெளியிடும்போது

5 லட்சத்துக்கும் மேற்பட்ட சமூக அறிவியல் கட்டுரைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2022-ல் வந்தது. பணக்கார நாடுகளைப் பற்றிய கட்டுரைகளின் தலைப்பில் நாட்டின் பெயர் வருவது குறைவு. மற்ற நாடுகளைப் பற்றியவற்றில் அதிகம். முன்னது பொது அறிவாகவும் பின்னது வட்டாரச் செய்தியாகவும் படிக்கப்படுகிறது. நாட்டின் பெயரைத் தலைப்பில் மறைக்கச் சொல்லமாட்டேன். தலைப்பின் முதல் பாதியில் பொறிமுறையைச் சொல்லுங்கள், இரண்டாம் பாதியில் நாட்டை.

மதிப்பீட்டாளர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இது வேறு நாடுகளுக்குப் பொருந்துமா?" அமெரிக்க மாநிலமான மினசோட்டாவைப் பற்றி எழுதினால் இந்தக் கேள்வி வருவது அரிது. வருத்தப்படுவதில் நேரம் செலவழிக்காமல், பதிலை முன்கூட்டியே கட்டுரையில் வைத்துவிடுங்கள்: இந்த முடிவு எந்த நிபந்தனைகளின் மேல் நிற்கிறது, அந்த நிபந்தனைகள் இருக்கும் வேறு இடங்கள் எவை, இல்லாத இடங்கள் எவை. இரண்டு பத்தி போதும். அமெரிக்கக் கட்டுரைகளும் இதை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டுரை ஏற்கப்பட்டதும் இன்னும் வேலை இருக்கிறது. நீங்கள் சரிசெய்த எடை மாற்று அட்டவணை, கண்டுபிடித்த குறியீட்டுப் பிழைகள், பொருத்திய பழைய மாவட்ட எல்லைகள் ஆகியவற்றை நிரலோடு சேர்த்து அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு அனுப்புங்கள், ஆட்சிமொழியில் இரண்டு பக்கக் குறிப்போடு. நைஜர் மாணவி தன் கம்புக் கட்டு அட்டவணையில் இருந்த விடுபடல்களை நிரப்பி அப்படித்தான் அனுப்பினார். அடுத்து அந்தத் தரவைத் திறப்பவர் நைஜரின் தலைநகரான நியாமேயில் இருக்கும் ஒரு மாணவராக இருக்கலாம். அவர் அதே வாரங்களை மறுபடி செலவழிக்க வேண்டியதில்லை.